லெமன் ஜூஸ் மாதிரிதான் இருந்தது

"எந்த ஓட்டலு?" என்று அத்தை கேட்டார். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்ததால் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பள்ளிக்கரணை பக்கம் அத்தை. புதுசா தெறந்திருக்காங்க. டீம்ல எல்லாரும் போறாங்க."

"சைவமா?"

"ரெண்டும் இருக்கும்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது பார் என்று எனக்குத் தெரியும். முந்தின நாளே போனில் படங்களைப் பார்த்திருந்தேன். அமெரிக்க நாட்டுப்புறம் மாதிரி ஜோடனை, மரப் பீப்பாய்கள், மேடையில் அகலத் தொப்பி போட்ட பாட்டுக்காரர்கள், மெக்சிகோ வகைச் சாப்பாடு. படங்களில் தட்டுகளைவிட கிளாஸ்கள்தான் அதிகம். ஆனால் பார் என்று சொன்னால் அத்தைக்கு என்ன தோன்றும் என்பதும் எனக்குத் தெரியும். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பச்சைத் திரை கட்டிய கொட்டகையும், அதன் வாசலில் சுருண்டு கிடக்கும் ஆட்களும் தோன்றும். ஓட்டல் என்றால் பொய்யில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அங்கே சாப்பாடும் போடுகிறார்கள் அல்லவா.

பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய மூன்றாவது வாரத்து வெள்ளிக்கிழமை அது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அத்தை ஒப்புக்கொண்டது ஒரு கணக்கில்தான். "தீவாளி வரைக்கும் பாத்துக்கறேன். அப்பறம் பாக்கலாம்" என்றிருந்தார். அந்தப் 'பாக்கலாம்' மேல்தான் என் வேலை நின்றுகொண்டிருந்தது. என் அம்மா வேலூரில் வேலைக்குப் போகிறார். காப்பகம் என்ற பேச்சை எடுத்தால் கணவரே முகத்தைச் சுளிப்பார். அதனால் தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது அத்தையின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். இன்றைக்கும் தேறிவிட்டேனா என்று பார்ப்பது மாதிரி.

மகளுக்கு ஏழு மாதம். பகலில் கேழ்வரகுக் கூழ் குடித்துவிடுவாள், பிசைந்த பருப்பு சாதம் இரண்டு வாய் வாங்குவாள். வெயில் இறங்கிவிட்டால் என்னிடம் பால் குடித்தே ஆகவேண்டும், வேறெதைக் கொடுத்தாலும் துப்பிவிடுவாள்.

செருப்பு மாட்டும்போது அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "மொச்ச, பட்டாணி, சோளம் ஒண்ணும் துன்னாத. புள்ளைக்கு வாயு புடிச்சிக்கும். ஐஸு போட்டது வேணாம். சளி கட்டும்."

"சரி அத்தை."

"காரமும் வேணாம்."

"சரி அத்தை."

மதியம் சோழிங்கநல்லூர் ஆபீசிலிருந்து மூன்று கார்களில் போனோம். மூன்றாவது மாடியில் லிஃப்ட் திறந்ததும் ஃபைபரில் செய்த குதிரை ஒன்று நின்றது. சர்வர்கள் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். உட்கார வைக்கோல் கட்டுகள் இருந்தன. பூச்சி வரும் என்று அவற்றைக் கண்ணாடித்தாளில் சுற்றியிருந்தார்கள். சுவரில் நீளக் கொம்பு வைத்த மாட்டுத் தலை. அதன் பக்கத்திலேயே பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சதுப்பு நிலத்து நாணல், அதன் ஓரச் சேற்றில் நாலைந்து எருமைகள்.

"உள்ள டூப்ளிகேட் மாடு, வெளிய ஒரிஜினல் மாடு" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. "ஒரிஜினல இவனுங்க கண்டுக்கவே இல்ல பாரு."

ஆபீசில் என் பக்கத்து இருக்கை அவளுடையது. என்னைவிடச் சின்னவள், கல்யாணம் ஆகவில்லை. நான் விடுப்பில் இருந்த மாதங்களிலும் வாரம் ஒரு தடவை போன் செய்து ஆபீஸ் வம்பு சொன்னது அவள் ஒருத்திதான்.

மேடையில் மூன்று பேர். ஒருவர் கிடாரோடு பாடினார், ஒருவர் மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அதையே தட்டினார், மூன்றாமவர் மவுத் ஆர்கன். பாடகர் மைக்கைப் பிடித்து, "ஹலோ வேளச்சேரி!" என்றார்.

பின் மேசையிலிருந்து ஒரு குரல், "அண்ணா, இது பள்ளிக்கரணை!"

"எடம் பள்ளிக்கரணைதான் தம்பி, பில்லு வேளச்சேரி ரேட்டு!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் மெனுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜ்மா, சோளம், பச்சை வெங்காயம், ஊறப்போட்ட மிளகாய், புளித்த கிரீம். காலையில் அத்தை வேண்டாம் என்று சொன்னதையெல்லாம் எழுதி வாங்கி அச்சடித்த மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு சாதக் கிண்ணம் சொன்னேன். அதிலும் ராஜ்மா கிடந்தது. முள்கரண்டியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் ஒதுக்கினேன்.

"என்னம்மா, இங்கயும் டெஸ்டிங்கா?" என்றார் எங்கள் டீம் லீட். சாஃப்ட்வேரில் பிழை தேடுவதுதான் ஆபீசில் என் வேலை.

"பக் புடிக்கறா சார்" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

அவள் எலுமிச்சைச் சாற்றில் மது கலந்த மார்கரிட்டா சொன்னாள். நானும் அதையே, மது இல்லாமல் சொன்னேன். வெறும் தண்ணீர் சொல்லியிருக்கலாம். எல்லார் கையிலும் ஏதோ ஒன்று இருக்கும்போது நான் மட்டும் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தால், திரும்பி வந்தும் இவள் வீட்டு ஞாபகமாகவே இருக்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று தோன்றியது. இரண்டும் ஒரே மாதிரி அகலமான கிளாசில், ஒரே வெளிர்ப்பச்சை நிறத்தில் வந்தன.

"மேடம், வெள்ளை உப்பு தடவினது சரக்கு. மிளகாய்ப்பொடி உப்பு தடவினது சாதா" என்றார் சர்வர். "பாத்து, மாத்திக்காதீங்க."

"இது சாதாதானே?"

"சாதாதான் மேடம்."

"நிச்சயமா?"

"கைக்குழந்தை இருக்கு அவங்களுக்கு" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. சர்வர் இன்னொரு முறை கிளாசைப் பார்த்துத் தலையாட்டினார். நான் மோந்தும் பார்த்தேன். எலுமிச்சை வாசனை மட்டும்தான் வந்தது. ஒரு வாய் குடித்தேன். உதடு எரிந்தது. காரம் வேண்டாம் என்று அத்தை சொன்னது ஞாபகம் வந்து, காகித நாப்கினைத் தண்ணீரில் நனைத்து அந்த மிளகாய் உப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். அவளோ தன் கிளாஸ் ஓரத்து உப்பை ஊறுகாய் மாதிரி நக்கியே முடித்திருந்தாள்.

மவுத் ஆர்கன்காரர் தனியாக வாசிக்கத் தொடங்கியது அப்போதுதான். மெல்ல ஆரம்பித்து, விசும்பி, பிறகு நீளமாக இழுத்தார். பசியோடு விழித்த குழந்தை முதல் அழுகைக்கு மூச்சு இழுப்பது மாதிரியே இருந்தது. என் உடம்பு அதை நம்பிவிட்டது. இரண்டு பக்கமும் பால் சுரந்து இறங்குவது தெரிந்தது. உள்ளே வைத்திருந்த பஞ்சுப்பட்டை காலையிலிருந்து தாங்கியது, இதைத் தாங்கவில்லை. குனிந்து பார்த்தபோது நீல குர்த்தாவில் இரண்டு கரிய வட்டங்கள். எதிரில் லீட், அவர் பக்கத்தில் இரண்டு பையன்கள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து வாஷ்ரூமுக்குப் போனேன். டிஷ்யூவை வைத்து வைத்து அழுத்தினேன். அது நனைந்து துகள்துகளாகத் துணியில் ஒட்டிக்கொண்டது. இன்னும் அசிங்கமாயிற்று.

பக்கத்து சீட்டுக்காரி பின்னாலேயே வந்தாள். பார்த்தாள். வெளியே போய், போட்டோ எடுக்கும் மூலையில் மாட்டியிருந்த தோல் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். கையில்லாத கோட்டு, ஓரமெல்லாம் குஞ்சம், நெஞ்சில் ஒரு தகர நட்சத்திரம்.

"போடு. தீம் டிரெஸ்னு நெனச்சுப்பாங்க."

"எல்லாரும் பாப்பாங்கடி."

"இப்ப பாக்கறதுக்கு இது தேவலாம்ல?"

அவள் முன்னால் போய்விட்டாள். நான் முகம் கழுவிக்கொண்டு அந்தக் கோட்டோடு மேசைக்கு வந்தபோது கைதட்டினார்கள். "அக்கா ஃபுல் ஃபார்ம்ல இருக்காங்கடோய்!" என்று ஒரு பையன் விசிலடித்தான். காலியாக இருந்த நாற்காலியில் விழுந்தேன். நாக்கு வறண்டிருந்தது, பால் கொடுக்கும் உடம்புக்கு எப்போதுமே தாகம். முன்னால் இருந்த கிளாசை எடுத்து, நிறுத்தாமல் முக்கால்வாசி குடித்தேன். மீதியையும் கொஞ்ச நேரத்தில் முடித்தேன். லெமன் ஜூஸ் மாதிரிதான் இருந்தது. அடியில் கொஞ்சம் கசந்தது. எலுமிச்சைத் தோல் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நன்றாக இருந்தது. இதைச் சொல்லத்தான் வேண்டும். பாட்டு நன்றாக இருந்தது. நான் கை தட்டினேன். வார்த்தை தெரியாத பல்லவிக்கு மற்றவர்களோடு சேர்ந்து லா லா போட்டேன். லீட் மீட்டிங்கில் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பதை நடித்துக் காட்டினேன். அவரே விழுந்து விழுந்து சிரித்தார். கேஸை மூடினேனா, தொட்டிலுக்குப் பக்கத்தில் சுவிட்ச் இருக்கிறதே, அத்தை குளிக்கப் போனால் குழந்தையை எங்கே விடுவார் என்று மாதக்கணக்காக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்த ஒன்று சட்டென்று நின்றுவிட்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் இப்படித்தான் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். பாட்டு எனக்கு என்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று நினைத்தேன்.

கிளம்பும்போது கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, லேப்டாப் பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு காரில் ஏறினேன். கேம்ப் ரோட்டில் நெரிசல். தூங்கிவிட்டேன். காரில் தூங்குகிற ஆள் இல்லை நான்.

அபார்ட்மென்ட் லிஃப்டிலேயே மகளின் அழுகை கேட்டது. கதவைத் திறந்ததும் அத்தை அவளை என் பக்கமாக நீட்டினார். "வந்துட்டா பாரு உங்கம்மா. எம்மா நேரமா கத்திகினு கீது தெரியுமா புள்ள? கூழும் வேணாங்குது, ஒண்ணும் வேணாங்குது. சீக்கிரம் கை கால் கழுவிக்கினு வா."

பாத்ரூமுக்குள் போனேன். கண்ணாடியில் என் முகம் சிவந்திருந்தது. வாய் கொப்பளித்தபோது ஏப்பம் வந்தது. எலுமிச்சையோடு வேறொரு நெடியும் வந்தது. கல்யாண மண்டபத்துக் கார் பார்க்கிங்கில் மாமன் மச்சான்கள் சிரித்துக்கொண்டு நிற்கும் இடத்தைக் கடக்கும்போது வருமே, அந்த நெடி. குழாயைத் திறந்துவிட்டு, பக்கத்து சீட்டுக்காரிக்குப் போன் செய்தேன்.

"உன் மார்கரிட்டா எப்பிடி இருந்தது?"

"ஏன்டி? சப்புனு இருந்துச்சு. காசுக்குப் புடிச்ச கேடு. ஒண்ணுமே ஏறல."

நான் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டேன்.

"ஏய். வாஷ்ரூம் போய்ட்டு வந்து நீ எந்தச் சேர்ல உக்காந்த?"

"காலியா இருந்த சேர்ல. நீ என் சேர்ல உக்காந்திருந்த."

"தூண் மறைக்குதுன்னு தள்ளி உக்காந்தேன்..." என்றவள் நிறுத்தினாள். "அய்யோ. அதான் எனக்கு ஏறலையா!" சிரித்துவிட்டாள். உடனே குரல் இறங்கியது. "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

கதவைத் தட்டினார் அத்தை. "இன்னாம்மா உள்ள போன்ல? புள்ள கத்துது, காதுல வுழல?"

வெளியே வந்தேன். என்னைப் பார்த்ததும் மகள் அழுகையை நிறுத்தி, இரண்டு கையையும் நீட்டி, வாயைத் திறந்து மூடினாள். வாங்கிக்கொண்டேன். கட்டிலில் உட்கார்ந்தேன். ஒரு கிளாஸ்தானே, அதுவும் மத்தியானம், பாலில் எவ்வளவு போய்விடும் என்று நினைத்தேன். குர்த்தாவின் ஜிப் வரைக்கும் கை போயிற்று. அவள் மூக்கால் துணியை முட்டினாள். சட்டென்று அவளை நெஞ்சிலிருந்து விலக்கிப் பிடித்தேன். அவள் வீறிட்டாள்.

"எனக்கு வயிறு சரியில்ல அத்தை. ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கல."

"அதுக்கு? வயித்துக்கும் பால் குடுக்கறதுக்கும் இன்னா?"

"இல்ல அத்தை, வேணாம். இன்னிக்கு பவுடர் பால் குடுத்துடலாம்."

அத்தை என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு அருகில் வந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அதிலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"குடிச்சியா?"

"தெரியாம, அத்தை. கிளாஸ் மாறிப்போச்சு. ஜூஸ்னு நெனச்சேன்."

"எவ்ளோ?"

"ஒரு கிளாஸ்."

"அவுரும் இத்தேதான் சொல்லுவாரு" என்றார் அத்தை. "சோடான்னு நெனச்சேன்னுவாரு."

அவர் என்று சொன்னது என் மாமனாரை. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். முடிச்சூர் பக்கம் நிலம் விற்ற காலத்தில் அவர் நிறையக் குடித்தார் என்பதை நாத்தனார் ஒருமுறை சாடையாகச் சொன்னதோடு சரி. வீட்டில் அந்தப் பேச்சே வராது.

அத்தை கத்தியிருந்தால் நான் அழுதிருப்பேன், தெரியாமல் நடந்தது என்று வாதாடியிருப்பேன். அவர் கத்தவில்லை. குழந்தையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். "தலைக்கு ஊத்திக்கினு வா. அதுவரைக்கும் புள்ளையத் தொடாத" என்றார். நான் குளித்துவிட்டு வந்தபோது பால்கனிக் கதவருகில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டிருந்தது. அதன் பக்கத்து ஸ்டூலில் ஒரு சொம்பு மோர், உப்பும் எலுமிச்சையும் போட்டு. எதையும் யோசித்துச் செய்த மாதிரி இல்லை. எத்தனையோ வருஷம் செய்து, இடையில் விட்டுப்போன ஒரு வேலை அவர் கைக்குத் தானாகத் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"குடி. அங்கேயே குந்து. உள்ள வராத."

குந்தினேன். வீட்டில் குடித்துவிட்டு வருகிற ஆண்பிள்ளைக்கு என்ன முறையோ, அதுதான் எனக்கும். கூடவும் இல்லை, குறைச்சலும் இல்லை. எம்.எஸ்ஸி. படித்திருக்கிறேன். பிரசவத்துக்கு முன்னால் குழந்தை வளர்ப்புப் புத்தகம் இரண்டைக் கோடு போட்டுப் படித்தவள். தலையில் ஈரத்துண்டோடு மோர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே ஜி.எஸ்.டி. ரோட்டில் நகராத பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே அத்தை வெந்நீர் வைத்தார், பவுடரைக் கலக்கினார், பாலாடையை எடுத்தார். பிறந்த புதிதில் மருந்து ஊற்றிய, மூக்கு வைத்த அந்தச் சின்ன வெள்ளிக் கிண்ணம். மகள் முதல் வாயைத் துப்பினாள். இரண்டாவதில் புரையேறியது. நான் எழுந்தேன்.

"குந்து" என்றார் அத்தை, திரும்பாமலே.

மகள் அழுதுகொண்டே என் பக்கம் தலையைத் திருப்பிக் கையை நீட்டினாள். அத்தை அவளை அந்தப் பக்கமாகத் திருப்பி மடியில் போட்டுக்கொண்டார். "அங்க பாக்காத கண்ணு. உங்கம்மா இப்ப இல்ல."

எனக்குப் பால் கட்டி வலித்தது. வாஷ்பேசினில் பீச்சிவிட்டேன். தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகும் வெள்ளையாகக் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து போனில் படித்தேன். ஒரு கிளாஸ் என்றால் சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து போய்விடும், பாலிலிருந்தும் போய்விடும், பீச்சி ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை என்று போட்டிருந்தது. நான் வீட்டுக்கு வந்தபோதே பெரும்பாலும் போயிருக்கும். அதைப் படித்து ஆறுதல் அடைந்திருக்க வேண்டும். ஆனால் என்னைப் பிடுங்கியது பால் இல்லை. அந்த மேசையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேனே, அது. மாதக்கணக்கில் முதல்முறையாக லேசாக இருந்தேன். பழைய நான் வந்துவிட்டேன் என்று பூரித்தேன். அதெல்லாம் அந்தக் கிளாசுக்குள் இருந்தது என்றால், அது இல்லாமல் எனக்குள் என்ன இருக்கிறது? மாமனாரும் இப்படி ஒரு சாயங்காலம் லேசாகித்தான் ஆரம்பித்திருப்பாரோ? அத்தையிடம் 'தெரியாமல்' என்று சொன்னது உண்மை. நன்றாக இருந்தது என்பதை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

டிவியில் சீரியல் ஆரம்பித்த நேரம், அத்தை குழந்தையோடு பால்கனிக் கதவுக்கு வந்தார். அவள் தூங்கவில்லை. விசும்பல் மட்டும் இருந்தது. அரைக் கிண்ணம் பவுடர் பால் உள்ளே போனதாம், மீதி குழந்தையின் பாவாடையில்.

"ஊது" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"வாயத் தெறந்து ஊது."

ஊதினேன். அத்தை குனிந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்தார். அவர் முகம் என் முகத்துக்கு இவ்வளவு அருகில் வந்ததே இல்லை. நெற்றியில் பால் பவுடர் ஒட்டியிருந்தது.

"இன்னொரு தபா."

மறுபடியும் ஊதினேன். மறுபடியும் முகர்ந்தார். பிறகு குழந்தையை என் மடியில் வைத்தார். அவள் கோபத்தோடு பற்றிக்கொண்டாள். இழுத்து இழுத்துக் குடித்தாள், இடையிடையே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள், திரும்பவும் பற்றினாள். அத்தை நகரவில்லை. அவள் கண் சொருகுகிற வரைக்கும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"திங்கக்கெழம நேரத்தோட வந்துடு" என்றார் கடைசியில். "சாயங்காலம் இத்த என்னால சமாளிக்க முடியாது."

அப்படியென்றால் திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகிறேன். அதைத்தான் அவர் சொன்னார். சந்தோஷப்பட வேண்டும் போலிருந்தது, முடியவில்லை. மூச்சுக்காற்று குழந்தைமேல் பட்டுவிடாமல் முகத்தைப் பால்கனிப் பக்கம் திருப்பிக்கொண்டு, "சரி அத்தை" என்றேன்.